மருத்துவர் பதில்கள்: இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரைகளும் சிடி ஸ்கேனும்

இதயத் தமனி அடைப்புக்கான ஸ்கேன்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் தமனியைப் பற்றியவை அல்ல. உடலின் ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் சிரைகளைப் பற்றியவை. மேலுடலின் ரத்தத்தைக் கொண்டுவருவது மேற்பெருஞ்சிரை, கீழுடலின் ரத்தத்தைக் கொண்டுவருவது கீழ்ப்பெருஞ்சிரை. ஆகவே இம்மாதப் பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. இங்குள்ள பதில்கள் பொதுவான விளக்கங்களே. உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரின் கருத்துக்கு மாற்று அல்ல.

கேள்வி: நீடித்த இருமலுக்காக எனக்கு நெஞ்சு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ஆனால் அறிக்கையின் கடைசி வரியில், இடப்பக்கமும் ஒரு மேற்பெருஞ்சிரை இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார்கள். பலதுறை மருந்தக மருத்துவர் “கவலைப்பட ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார். 47 வயதில் எனக்குப் பிறவி இதயக் கோளாறு என்பதா? என் இரண்டு பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டுமா?
– வாசகி, அங் மோ கியோ

பதில்: கருவில் முதல் சில வாரங்களில், மேலுடலின் ரத்தத்தை இதயத்துக்கு இறக்கிக் கொண்டுவர நம் எல்லாருக்குமே வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு சிரைகள் இருக்கின்றன. பிறகு இடப்பக்கத்து ரத்தத்தை வலப்பக்கம் சேர்ப்பதற்குக் குறுக்கே ஒரு சிரை உருவாகிவிடுவதால், இடச்சிரைக்கு வேலையில்லாமல் போய், அது சுருங்கி, இதயத்தின் பின்புறத்தில் ஓர் இழையாக மட்டும் எஞ்சுகிறது. 1850இல் அதை விவரித்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் மார்ஷலின் பெயரால் அந்த இழை இன்றும் அழைக்கப்படுகிறது. சுருங்க வேண்டிய அந்தச் சிரை சுருங்காமலே நின்றுவிட்டவர்கள், ஆயிரம் பேரில் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து பேர் இருப்பார்கள். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்களிடம் இது பல மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் இச்சிரை இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதயம் மற்றபடி சரியாகவே இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தச் சிரை எங்கே போய் முடிகிறது? பத்தில் ஒன்பது பேரிடம் அது இதயத்தின் பின்புறம் இறங்கி, கரோனரி சைனஸ் என்னும் அகன்ற சிரைக்குள் சேர்ந்து, அதன் வழியாக வலது மேலறைக்கே போய்விடுகிறது. அதாவது ரத்தம் சேர வேண்டிய இடத்துக்குத்தான் சேருகிறது, பாதை மட்டுமே வேறு. எஞ்சிய சிலரிடம் அது இடது மேலறையில் திறக்கிறது. அப்போது பிராணவாயு குறைந்த ரத்தம் நேரே உடலுக்குப் போய்விடும். கையிலிருந்து கிளம்பும் சிறு ரத்தக்கட்டியோ காற்றுக்குமிழியோ நுரையீரலில் வடிகட்டப்படாமல் மூளையை எட்டவும் கூடும். உங்கள் அறிக்கையில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்துகொள்ளலாமா என மருத்துவரிடம் கேட்பது நியாயமானது. இடக்கையில் குமிழிகள் கலந்த உப்புநீரைச் செலுத்திக்கொண்டே எக்கோவில் பார்த்தால், அது முதலில் கரோனரி சைனஸிலும் அதன்பின் வலது மேலறையிலும் தோன்றுவதைக் கண்ணாலேயே காணலாம்.

“கவலைப்பட ஒன்றுமில்லை” என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அத்துடன் பேச்சு முடிந்துவிட்டதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சிரையால் உங்களுக்கு இன்று தொல்லை எதுவும் இல்லை. நாளை அதன் வழியே கம்பியோ குழாயோ செலுத்த வேண்டிய மருத்துவருக்குத்தான் அது தொல்லை தரும். பேஸ்மேக்கர் கருவியைப் பெரும்பாலும் இடப்பக்கத் தோள்பட்டைக்குக் கீழேதான் வைப்பார்கள். அதன் கம்பி வழக்கமான பாதையில் போகாமல் இதயத்தின் பின்புறம் சுற்றிக்கொண்டு வலது மேலறைக்குள் நுழைந்தால், அங்கிருந்து கீழறைக்கு அதைத் திருப்புவது கடினமான வேலை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்தின் இடப்பக்கம் போட்ட குழாய், பின்னர் எடுக்கும் எக்ஸ்ரேயில் இதயத்தின் இடப்புறமாக நேரே இறங்குவதைக் கண்டு, தமனிக்குள் போய்விட்டதோ என்று பதறி அதை உருவி எடுப்பதும் உண்டு. திறந்த இதய அறுவை சிகிச்சையில், இதயத்தை நிறுத்தி வைக்கும் மருந்தைக் கரோனரி சைனஸ் வழியாகப் பின்னோக்கிச் செலுத்தும் முறை, இச்சிரை உள்ளவரிடம் சரியாக வேலை செய்யாது. ஆகவே எந்தப் பெரிய சிகிச்சைக்கு முன்பும் மயக்க மருந்து நிபுணரிடம் இதைச் சொல்லுங்கள். ஒவ்வாமை, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதும் தாதியிடமும் இதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, அவர்கள் நலமாக இருந்தால் இதற்காகப் பரிசோதிக்கத் தேவையில்லை.

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. தேசிய சேவைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையில் இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்பதாகச் சொல்லி எக்கோவுக்கு அனுப்பினார்கள். இதயத்தின் வலப்பக்கம் சற்றே பெரிதாக இருக்கிறது, இடப்பக்கம் மேலே ஒரு செங்குத்தான குழாய் தெரிகிறது, அது “கூடுதல் சிரையாகவோ இடம் மாறிய நுரையீரல் சிரையாகவோ” இருக்கலாம், சிடி எடுத்தால்தான் தெரியும் என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? இவ்வளவு இளம் வயதில் கதிர்வீச்சு தேவையா?
– தாயார், செங்காங்

பதில்: வேறுபாடு பெரிது, அம்மா. முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன இடப்பக்கப் பெருஞ்சிரையில் ஓடுவது உடலிலிருந்து திரும்பும் ரத்தம். அது மேலிருந்து கீழே இறங்குகிறது. இடம் மாறிய நுரையீரல் சிரையில் ஓடுவது நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றுக்கொண்ட ரத்தம். அது இடது மேலறைக்குப் போகாமல், கீழிருந்து மேலேறி, குறுக்குச் சிரையில் கலந்து, மறுபடியும் இதயத்தின் வலப்பக்கத்துக்கே வந்து சேருகிறது. ஏற்கெனவே நுரையீரலுக்குப் போய்த் திரும்பிய ரத்தத்தை வலப்பக்கம் இன்னொரு முறை அங்கே அனுப்ப வேண்டியிருப்பதால், நாளடைவில் அது பெரிதாகிறது.

சிடி படத்தில் இவ்விரண்டையும் பிரித்தறியக் கதிரியக்கத் துறையில் ஒரு பழைய வழி உண்டு. நெஞ்சுக்கூட்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல் அடுக்கடுக்காகக் கிடைக்கும் படங்களில், இடப்பக்கப் பெரிய மூச்சுக்குழல் தெரியும் அடுக்கில் நிறுத்தி, அக்குழலுக்கு முன்னால் எத்தனை சிரைகள் வெட்டுப்பட்டு வட்டமாகத் தெரிகின்றன என்று எண்ண வேண்டும். இரண்டு தெரிந்தால், ஒன்று வழக்கமான நுரையீரல் சிரை, மற்றது கூடுதலான பெருஞ்சிரை. ஒன்றுமே தெரியாமல், அந்தச் செங்குத்துக் குழாய் மட்டும் மூச்சுக்குழலுக்கு மேலே பெருந்தமனியின் பக்கவாட்டில் ஏறிச் சென்றால், நுரையீரல் சிரைதான் இடம் மாறியிருக்கிறது. அதன்பின் படங்களை ஒவ்வொன்றாகக் கீழே நகர்த்தி, அக்குழாயிலிருந்து கிளைகள் நுரையீரலுக்குள் பிரிகின்றனவா, அல்லது அது கரோனரி சைனஸை நோக்கி இறங்குகிறதா என்று தொடர்ந்து போனால் ஐயம் தீர்ந்துவிடும். நேரில் பார்த்தால் இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதற்கு அந்த அடுக்கில் நின்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் தோன்ற வேண்டும்; வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேன்களில் இச்சிரைகள் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் போவதற்கு அந்த எண்ணம் தோன்றாததே காரணம்.

எக்கோ மட்டும் ஏன் போதாது என்றால், நுரையீரலில் நிறைந்துள்ள காற்றை ஒலியலைகள் கடக்க மாட்டா. நான்கு நுரையீரல் சிரைகளையும் நெஞ்சுக்கு வெளியிலிருந்து முழுமையாகக் காண்பது, குறிப்பாக வளர்ந்தவர்களிடம், எளிதன்று. வலது மேல் நுரையீரலின் சிரை மேற்பெருஞ்சிரையில் திறக்கும் வகையில், அதற்கு அருகிலேயே மேலறைச் சுவரில் ஓர் ஓட்டையும் இருப்பது வழக்கம். அது உயரத்திலும் பின்புறத்திலும் ஒதுங்கி இருப்பதால், எக்கோவில் தவறிவிடுவது அரிதல்ல. உங்கள் மகனுக்குத் தெரியும் குழாய் இடப்பக்கம்தான். எனினும் இடது மேல்நுரையீரலின் ஒரே ஒரு சிரை இடம் மாறியிருப்பதால் மட்டும் இதயம் பெரிதாவது குறைவு என்பதால், வேறொரு சிரையோ ஓட்டையோ இல்லை என்பதையும் மருத்துவர்கள் இந்த ஸ்கேனிலேயே உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புவார்கள்.

கதிர்வீச்சைப் பற்றிய உங்கள் தயக்கம் சரியானதே. சாதாரண நெஞ்சு சிடியில் சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட் அளவு உடலில் படுகிறது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர்மீது ஓராண்டில் இயற்கையாகப் படுவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். புதிய கருவிகளில் இளையரின் உடல்வாகுக்கேற்ப அளவைக் குறைத்து எடுக்க முடியும். எம்ஆர்ஐ ஸ்கேனில் கதிர்வீச்சே இல்லை. அத்துடன் நுரையீரலுக்குப் போகும் ரத்தம் உடலுக்குப் போவதைப்போல் எத்தனை மடங்கு என்பதையும் அது அளந்து சொல்லும். அந்த விகிதம் 1.5க்குக் குறையாமல் இருந்து, இதயத்தின் வலப்பக்கமும் பெரிதாகியிருந்தால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச்சு எழும். ஆகவே “முதலில் எம்ஆர்ஐ எடுக்க இயலுமா?” என்று கேட்பதில் தவறில்லை. மெல்லிய சிரைகளின் பாதையைத் துல்லியமாகக் காட்டுவதில் சிடியே மேல் என்று மருத்துவர் விளக்கினால், அதுவும் நல்ல காரணமே. படைத்தகுதி நிலையை ஸ்கேன் முடிவு தெரிந்தபின் படையின் மருத்துவர்கள்தான் தீர்மானிப்பார்கள்; அதை இங்கிருந்து ஊகிக்க விரும்பவில்லை.

கேள்வி: எனக்கு இறால் ஒவ்வாது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறேன். சிடி ஸ்கேனில் ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிய ஏற்றும் சாயமருந்தில் அயோடின் இருப்பதாகச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: எடுக்கலாம். இறாலில் ஒவ்வாமையைத் தூண்டுவது அதிலுள்ள ஒரு புரதமே தவிர, அயோடின் அல்ல. முன்பு இதே சாயமருந்தைச் செலுத்தியபோது தடிப்போ மூச்சுத்திணறலோ ஏற்பட்டிருந்தால்தான் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்கள் மட்டுமே மெட்ஃபார்மினை ஸ்கேன் அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத் தொடர வேண்டியிருக்கும். உங்களுடைய அளவைப் பலதுறை மருந்தகத்தின் ரத்தப் பரிசோதனை அறிக்கையிலேயே காணலாம். மருந்து ஏறும்போது உடம்பெங்கும் சூடு பரவுவதும், சிறுநீர் கழிந்துவிட்டதோ என்று தோன்றுவதும் இயல்பு.

கேள்வி: வயிற்றுவலிக்காக எடுத்த ஸ்கேனில் என் மனைவியின் கீழ்ப்பெருஞ்சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம் என்றார்கள். அன்றே மறுபடியும் படுக்கவைத்து எடுத்துவிட்டு, ஒன்றும் இல்லை என்கிறார்கள். முதலில் சொன்னது தவறா, பின்னர் சொன்னதா?
– வாசகர், பிடோக்

பதில்: பின்னர் சொன்னதே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம், முதலில் ஐயப்பட்டதிலும் குற்றமில்லை. கையில் செலுத்தும் சாயமருந்து இதயத்தையும் நுரையீரலையும் கடந்து, தமனிகளின் வழியே உறுப்புகளை அடைந்து, அதன்பின்தான் சிரைகளுக்குத் திரும்புகிறது. சிறுநீரகங்கள் அதை மிக விரைவில் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கால்களிலிருந்து அது வந்து சேர இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில் படம் எடுத்தால், சிறுநீரகத்திலிருந்து வரும் வெளுத்த ரத்தமும் காலிலிருந்து வரும் மருந்து கலக்காத ரத்தமும் ஒரே சிரையில் அருகருகே ஓடும். கொதிக்கும் பாலில் காப்பி டிகாஷனை ஊற்றிய முதல் நொடியில் தெரியும் கோடுகளைப்போல், இரண்டும் கலந்தும் கலவாமலும் நிற்கும் அந்த நிலை, படத்தில் ரத்தக்கட்டியாகவே தோன்றும். சற்றுப் பொறுத்து மீண்டும் எடுத்தால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். உண்மையான கட்டி எத்தனை நிமிடம் கழித்தும் அங்கேயே இருக்கும். பெரும்பாலும் சிரையை அந்த இடத்தில் உப்பவும் வைத்திருக்கும். ஆகவே இரண்டாம் ஸ்கேன் தேவையில்லாத செலவு அன்று. அதை எடுக்காமல் ரத்தம் உறையாதிருக்கும் மருந்தைப் பல மாதங்கள் கொடுத்திருந்தால்தான் வருந்த வேண்டியிருந்திருக்கும்.

கேள்வி: என் தந்தைக்கு நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. தொடக்கத்தில் கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். பின்னர் இடக்கையில் சிரையையும் தமனியையும் இணைத்தார்கள். இப்போது அந்தக் கை முழுவதும் வீங்கியிருக்கிறது. காலையில் முகமும் ஊதியிருக்கிறது. மார்பில் நீலச் சிரைகள் எழும்பி நிற்கின்றன. சாயமருந்துடன் சிடி எடுக்கச் சொல்கிறார்கள். சிறுநீரகத்துக்குக் கெடுதல் இல்லையா?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: நீங்கள் எழுதியுள்ள விவரங்கள், கையிலிருந்து இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரை எங்கோ குறுகிவிட்டது என்பதைத் தெளிவாகவே காட்டுகின்றன. நெடுநாள் வைத்திருக்கும் குழாய் சிரையின் உட்சுவரை உரசிக்கொண்டே இருப்பதால், அந்த இடம் தடித்துத் தழும்பாகிச் சுருங்குகிறது. வலக்கழுத்தில் வைத்த குழாய் நேராக இறங்கிவிடும். இடக்கழுத்தில் வைத்தது இரண்டு வளைவுகளைக் கடந்து வர வேண்டும் என்பதால் அங்கே உரசல் அதிகம். உங்கள் தந்தைக்கு எந்தப் பக்கம் வைத்தார்கள் என்பதை நினைவுபடுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். சிரை குறுகியிருந்தாலும், சாதாரணமாக ஓடும் ரத்தத்துக்கு அந்த இடைவெளி போதுமானதாக இருக்கலாம். தமனியுடன் இணைத்தபின் அதே கையில் பல மடங்கு ரத்தம் பாயத் தொடங்குவதால்தான் வீக்கம் வெளிப்படுகிறது.

மார்பில் எழும்பி நிற்கும் நீலச் சிரைகள், அடைபட்ட வழியை விட்டு ரத்தம் தானே தேடிக்கொண்ட மாற்றுவழிகள். அவை இவ்வளவு வளர்ந்திருப்பதால், அடைப்பு நேற்று இன்று உண்டானதல்ல என்று ஊகிக்கலாம். சிடி படத்தில் இவற்றை முதுகெலும்பின் ஓரத்திலும், மார்பெலும்பின் பின்புறத்திலும், சில சமயம் தொப்புள்வரையிலும் தொடர்ந்து காணலாம். சாயமருந்து அந்தச் சுற்றுவழியில் கல்லீரலுக்குள் நுழைந்து, அதன் முன்பக்கத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் பளிச்சென்று ஒளிரச் செய்வதுண்டு. அனுபவமில்லாத கண்ணுக்கு அது கல்லீரல் கட்டிபோல் தெரியும். அனுபவமுள்ள கண்ணோ உடனே மேலே போய் மேற்பெருஞ்சிரையைத் தேடும்.

சிறுநீரகத்தைப் பற்றிய அச்சத்துக்கு வருவோம். சிறுநீர் முற்றிலும் நின்றுவிட்டவருக்குச் சாயமருந்தால் இனி இழக்க ஒன்றுமில்லை. ஸ்கேன் முடிந்தவுடன் அவசரமாகச் சுத்திகரிப்பு செய்யவும் தேவையில்லை, வழக்கமான நாளில் செய்தால் போதும். இன்னமும் நாள்தோறும் ஓரளவு சிறுநீர் கழிக்கிறார் என்றால், அந்த மிச்சச் செயல்பாடு காப்பாற்றத் தக்கது என்பதால், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிரைகளைத் தெளிவாகக் காண, மருந்து ஏறி ஒரு நிமிடத்துக்கும் மேல் பொறுத்துத்தான் படம் எடுக்க வேண்டும். ஊசி எந்தக் கையில் ஏற்றப்படுகிறது என்பதும் முக்கியம். இணைப்புள்ள கையில் பொதுவாக ஊசி ஏற்ற விடக்கூடாது. சுத்திகரிப்பு நிலையத்தில் இதை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஸ்கேன் அறைத் தாதிக்கு அது தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாமல் நீங்களும் சொல்லுங்கள்.

குறுகிய இடம் தெரிந்துவிட்டால், பலூன் வைத்து விரிப்பதும், அது நிலைக்காவிட்டால் சிரையைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பதும் வழக்கமான சிகிச்சை. மறுபடியும் சுருங்கக்கூடிய இடம் அது. சில மாதங்களில் திரும்பச் செய்ய வேண்டி வரலாம் என்பதற்கு மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்வது நல்லது. மேற்பெருஞ்சிரை அடைப்பை 1757இலேயே விவரித்தவர் வில்லியம் ஹண்டர். அவர் கண்ட நோயாளிக்குப் பால்வினை நோயால் பெருந்தமனி வீங்கிச் சிரையை அழுத்தியிருந்தது. இன்று அந்த இடத்தை நுரையீரல் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் பிடித்துக்கொண்டன. குழாய்களாலும் பேஸ்மேக்கர் கம்பிகளாலும் வருவது அவற்றுக்கு அடுத்தபடியாகப் பெருகி வருகிறது. ஆகவே காரணம் குழாய்தான் என்று தோன்றினாலும், வெளியிலிருந்து அழுத்தும் கட்டி எதுவும் இல்லை என்பதை இந்த ஸ்கேன் காட்டியாக வேண்டும். மூச்சு விடும்போது கீச்சென்ற ஒலி, குழப்பமான பேச்சு, படுக்கவே முடியாத மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஸ்கேன் நாளுக்காகக் காத்திராமல் 995ஐ அழையுங்கள்.

கேள்வி: எனக்கு 61 வயது, முன்பு புகைபிடித்தவன். எக்ஸ்ரேயில் மூச்சுக்குழலின் வலப்பக்கம் ஒரு நிழல் இருப்பதாகச் சொன்னார்கள். குடும்பமே தூக்கமின்றித் தவித்தது. சிடி எடுத்தபின், “கட்டி இல்லை, அசைகஸ் என்ற சிரை பெரிதாக இருக்கிறது, கீழ்ப்பெருஞ்சிரை இடையில் விடுபட்டுள்ளது” என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: நம்பலாம். கீழ்ப்பெருஞ்சிரையில் கல்லீரலை ஒட்டிய ஒரு பகுதி சிலருக்குப் பிறவியிலேயே உருவாவதில்லை. கால்களின் ரத்தம் அப்போது முதுகெலும்பின் ஓரமாக ஏறும் அசைகஸ் சிரையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சுக்குள் மேலேறி, வலது மூச்சுக்குழலின்மேல் வளைந்து, மேற்பெருஞ்சிரையில் சேருகிறது. சாதாரணமாக மெலிந்திருக்கும் அந்தச் சிரை இவ்வளவு ரத்தத்தையும் சுமப்பதால் பருத்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரிந்தது அந்த வளைவுதான். சாயமருந்து ஏறாத சிடியில் அது நெறிக்கட்டியைப்போல் தோன்றும். அடுக்குகளை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் கட்டி ஓரிடத்தில் முடிந்துவிடும், சிரையோ வயிறுவரை தொடரும். கல்லீரலின் சிரைகள் நேராக வலது மேலறையில் திறப்பதையும் அதே படத்தில் பார்க்கலாம். சிலருக்கு இத்துடன் ஒன்றுக்கு மேற்பட்ட மண்ணீரல்களும் இதயக் கோளாறுகளும் சேர்ந்திருப்பதுண்டு. 61 வயதுவரை தொல்லையின்றி இருந்திருக்கிறீர்கள் என்றாலும், அறிக்கையில் மண்ணீரலைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் கோப்பில் தடித்த எழுத்தில் இருக்க வேண்டியவை இரண்டு. தொடைச் சிரை வழியாக இதயத்துக்குச் செலுத்தும் கம்பி உங்கள் உடலில் நேரே போகாது. இதயத் துடிப்புக் கோளாறுக்கான சிகிச்சை தேவைப்பட்டால், மருத்துவர் கழுத்து வழியையோ வேறு உத்தியையோ முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இரண்டாவது இதைவிட முக்கியமானது. நுரையீரல், உணவுக்குழாய் அறுவை சிகிச்சைகளில் அசைகஸ் சிரையைக் கட்டித் துண்டிப்பது வழக்கமான செயல். உங்களிடம் அதைச் செய்தால் இடுப்புக்குக் கீழுள்ள ரத்தம் திரும்பும் முதன்மை வழியே அடைபட்டுவிடும். சிகிச்சைக்கு ஜொகூருக்கோ சென்னைக்கோ போவதாக இருந்தால், அறிக்கைத் தாளுடன் படங்கள் அடங்கிய குறுவட்டையும் மருத்துவமனையில் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள். அங்குள்ள அறுவை மருத்துவர் தாமே படத்தைப் பார்க்க வேண்டும்.

ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்து அச்சிரையை அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை. அந்த எக்ஸ்ரே எதற்காக எடுக்கப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. இருமலோ எடைக்குறைவோ காரணமாக இருந்து, அது இன்னமும் நீடித்தால், சிரையைக் காரணம் காட்டி அதை விட்டுவிடாமல் மருத்துவரிடம் மறுபடியும் போங்கள்.